வடசென்னையிலிருந்து ராசி ஒளி பார்க்கக் கிளம்புபவர்களுக்கு

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கத்து மொட்டைமாடிகளிலிருந்து ராசி ஒளி, அதாவது விண்வெளித் தூசில் பட்டுச் சிதறும் மங்கலான வெயில், தெரியாது. தொலைநோக்கி வாங்கினாலும் தெரியாது. துறைமுக விளக்குகள், மணலி ஆலைகள், தெருவெல்லாம் வெள்ளை எல்.இ.டி. என்று இத்தனை வெளிச்சத்துக்கு நடுவே அது கரைந்துபோகும். ஆனால் விடிவதற்கு முன் ஒரு மணி நேரப் பயணத்தில் எட்டக்கூடிய தூரத்தில் நமக்கு ஒரு இருண்ட திசை இருக்கிறது. அது கிழக்கு, அதாவது கடல். ஊருக்கு மேற்கே குடியிருப்பவர்களுக்குக் கிடைக்காத வசதி இது. இந்த வழிகாட்டியில் பாதி, அந்தக் கிழக்கை எப்போது, எப்படிப் பயன்படுத்துவது என்பதைப் பற்றித்தான்.

பார்க்கப்போவது என்ன?

கோள்கள் சுற்றிவரும் தளத்தையொட்டி மெல்லிய தூசுப் படலம் ஒன்று பரவிக் கிடக்கிறது. துகள்களில் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றுக்கும் நூறில் ஒன்றுக்கும் இடைப்பட்டவை. வால்நட்சத்திரங்கள் உதிர்த்ததும், குறுங்கோள்கள் மோதி நொறுங்கியதும் இதில் சேர்ந்திருக்கின்றன. எது எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. வியாழனுக்குப் போன ஜூனோ விண்கலத்தில் மோதிய தூசை வைத்து, செவ்வாய்க்கும் இதில் பங்கு இருக்கலாம் என்று 2021-ல் ஒரு குழு எழுதியது. சூரிய ஒளியே இந்தத் துகள்களின் வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துச் சூரியனை நோக்கிச் சுருளச் செய்வதால், புதுத் தூசு வந்துகொண்டே இருந்தால்தான் படலம் நிலைக்கும்.

அந்தத் தூசு சிதறடிக்கும் வெயில்தான் ராசி ஒளி. ஆங்கிலத்தில் சோடியாக்கல் லைட் என்பார்கள். சூரியன் மறைந்து இருட்டிய பிறகு மேற்கிலும், விடியல் வெளுக்கும் முன் கிழக்கிலும், அடிவானத்திலிருந்து கூம்பாக எழும்பி நிற்கும் சாம்பல் வெளிச்சம். அடியில் அகலம், மேலே போகப்போகக் குறுகல். 1683-ல் வானியலாளர் காசினி இதை முறையாகக் கவனித்து எழுதினார். ராக் இசைக்குழு ஒன்றின் கிட்டார் கலைஞரான பிரையன் மே 2007-ல் முனைவர் பட்டம் வாங்கியதும் இந்தத் தூசின் ஓட்டத்தை அளந்துதான்.

நம் ஊர் முஸ்லிம்கள் பலருக்கு இது வேறு பெயரில் அறிமுகம். ஃபஜ்ர் என்னும் விடியற்காலைத் தொழுகையின் நேரத்தைச் சொல்லும்போது பொய் வைகறை, மெய் வைகறை என்று இரண்டு வரும். ஓநாயின் வால்போல நட்டுக்குத்தாக நிற்பது பொய் வைகறை, அடிவானம் நெடுகக் கிடைமட்டமாகப் பரவுவது மெய் வைகறை. வான நூல் கற்றவர்கள் பொய் வைகறையை ராசி ஒளி என்றே அடையாளம் காண்கிறார்கள். புதியவர்களுக்கு இதைவிட நல்ல அடையாளக் குறிப்பு கிடையாது. நிமிர்ந்து நின்றால் தூசு, படுத்துக் கிடந்தால் விடியல்.

எந்த மாதம், எந்த வேளை

வெளிநாட்டு வழிகாட்டிகளைப் படித்தால் மார்ச் மாலை, அக்டோபர் விடியல் இரண்டை மட்டுமே சொல்லும். அது லண்டன் போன்ற இடங்களுக்குப் பொருந்தும். அங்கே சூரியப் பாதை (நட்சத்திரங்களுக்கிடையே சூரியன் வருடம் முழுக்க நகரும் வழி, கூம்பு இதன் மேல்தான் படிந்திருக்கும்) சில மாதங்களில் அடிவானத்தோடு 15 பாகை கோணத்தில் படுத்துவிடும். கூம்பும் புகைமூட்டத்துக்குள் படுத்துவிடும். நாம் 13 பாகை வடக்கில் இருக்கிறோம். இங்கே மிக மோசமான காலத்திலும் சூரியப் பாதை 53 பாகைக்குக் கீழே சாய்வதில்லை. கணக்குப்படி வருடம் முழுக்க வாய்ப்புண்டு. நம்மைத் தடுப்பது சாய்வு இல்லை, மேகம்.

விடியற்காலை: ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை கூம்பு ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும். செப்டம்பரில் மாலை இடிமழை கொட்டி, பின்னிரவில் வானம் துடைத்துவிட்டதுபோல ஆகிவிடுவது உண்டு. அந்த விடியல்களை விடாதீர்கள். மழை தூசைக் கழுவியிருக்கும். அக்டோபர் நடுவுக்குப் பிறகு வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். அப்போது ஒரு தாழ்வுநிலை கடந்து அடுத்தது வருவதற்குள் கிடைக்கும் இரண்டு மூன்று நாள் இடைவெளியை நம்பித்தான் கிளம்ப வேண்டும்.

மாலை: ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. போகிக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் போக வேண்டாம். புகையும் பனியும் சேர்ந்து, கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் வானத்திலும் அடிவானத்தை மூடிவிடும். பிப்ரவரி இரண்டாம் பாதியும் மார்ச்சும் நல்ல காலம்.

ஜனவரி, பிப்ரவரி விடியலில் என்ன என்று கேட்கலாம். சாய்வு மோசமில்லை, ஜனவரி நடுவில் 75 பாகை இருக்கும். ஆனால் விருச்சிகமும் தனுசும் அதே கிழக்கில் எழும்பும்போது பால்வீதியின் தடித்த பகுதி கூம்பின் மேல் படிந்துவிடும். எது எது என்று பிரித்தறிய முதல்முறை பார்ப்பவரால் முடியாது. விட்டுவிடுங்கள்.

நேரத்தைக் கணக்கிட ஒரே ஒரு எண் போதும். சென்னையில் சூரியன் மறைந்து முழு இருட்டாக ஏறக்குறைய 70 முதல் 77 நிமிடம் ஆகும். விடியலில் அதே கணக்கைப் பின்னோக்கிப் போடுங்கள். அக்டோபர் தொடக்கத்தில் சூரிய உதயம் சுமார் 5:58. ஆக 4:48 வாக்கில் மெய் வைகறை தொடங்கும். பார்க்க வேண்டிய நேரம் 3:45 முதல் 4:45 வரை, அதிலும் கடைசி அரை மணி. பிப்ரவரி நடுவில் சூரியன் மறைவது சுமார் 6:15. அப்போது 7:25-லிருந்து 8:15 வரை.

நிலவுக்கு நாள்காட்டி

செயலி எதுவும் வேண்டாம், சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே போதும். திதியைப் பாருங்கள்.

மாலையில் பார்ப்பதென்றால் தேய்பிறை சதுர்த்தியிலிருந்து அமாவாசைக்கு மறுநாள் வரை. சங்கடஹர சதுர்த்திக்கு விரதம் இருப்பவர் வீட்டில் கேட்டால் தெரியும், அன்று நிலவு எழும்ப இரவு 9 மணி ஆகிவிடும். அதற்குள் உங்கள் வேலை முடிந்திருக்கும். மூன்றாம் பிறை அன்று போகாதீர்கள். பிறை அழகுதான், ஆனால் சரியாகக் கூம்பின் அடியிலேயே வந்து உட்காரும்.

விடியலில் பார்ப்பதென்றால் அமாவாசைக்கு முந்தின நாளிலிருந்து வளர்பிறை தசமி வரை. தசமி நிலவு அதிகாலை 2 மணியை ஒட்டி மறைந்துவிடும். ஏகாதசி வரைகூட இழுக்கலாம், துவாதசி வேண்டாம்.

மின்சாரம் போனால் ஊரிலிருந்தே தெரியாதா என்பது பலரும் கேட்பது. வர்தா புயல் 2016 டிசம்பர் 12-ல் கரை கடந்து நகரத்தை இருளில் தள்ளியபோது அப்படி ஒரு வாய்ப்பு வந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த இரண்டு நாளில் பௌர்ணமி.

எங்கே போவது

வான இருட்டை 1 முதல் 9 வரை படிகளாகப் பிரிக்கும் அளவுகோல் ஒன்றை வான்நோக்கரான ஜான் போர்ட்டில் 2001-ல் வகுத்தார். எண் ஏற ஏற வெளிச்சம் அதிகம். 4-ஆம் படியில் கூம்பு தெளிவாகவே தெரியும், ஆனால் உச்சிக்குப் பாதி உயரத்தை எட்டாது. 5-ஆம் படியில் மிக நல்ல இரவுகளில் சாயல் மட்டும். நகரத்துக்குள் 8, 9. ஒளிமாசு வரைபடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, ஆனால் அவை உச்சிவானத்தைப் பற்றித்தான் சொல்லும். நமக்கு முக்கியம், பார்க்கும் திசையில் அடிவானத்துக்கு மேல் என்ன விளக்கு இருக்கிறது என்பது. இதை நினைவில் வைத்தால் இடத்தேர்வு எளிது: ஊர் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

விடியலுக்குப் பழவேற்காடு. திருவொற்றியூரிலிருந்து மீஞ்சூர், பொன்னேரி வழியாக ஏறத்தாழ 45 கி.மீ. ஊரைத் தாண்டிப் பாலம் கடந்தால் லைட்ஹவுஸ் குப்பம் கடற்கரை. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகமும் வடசென்னை அனல்மின் நிலையமும் வானத்தை வெளுக்கச் செய்வது தெரியும், வடக்கே ஸ்ரீஹரிகோட்டா. இரண்டுக்கும் நடுவே, நேர் கிழக்கில், வங்கக்கடல் இருட்டாகக் கிடக்கும். உச்சிவானத்தைப் பார்த்து இந்த இடத்துக்கு மதிப்பெண் போட்டால் ஏமாற்றம்தான். கிழக்கை மட்டும் பாருங்கள். கலங்கரை விளக்கத்தின் சுழலும் ஒளி முகத்தில் அடிக்காதபடி, அது உங்களுக்குப் பின்னால் வருமாறு நின்றுகொள்ளுங்கள்.

எண்ணூர், மணலி சாலைகளில் இரவில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். சாதாரணமாக ஆகும் நேரத்தோடு அரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். கும்மிடிப்பூண்டி தடத்து மின்சார ரயில் பொன்னேரி வரை கொண்டுவிடும் என்றாலும் அதிகாலை 3 மணிக்குக் கடற்கரையில் நிற்க அது உதவாது. ராக்கெட் ஏவுதளம் பக்கத்திலேயே இருப்பதால் இந்தக் கடற்கரையில் காவல் ரோந்து உண்டு. அடையாள அட்டை வைத்திருங்கள், குறைந்தது மூன்று பேராகப் போங்கள், முந்தின நாள் பகலிலேயே ஒருமுறை போய் இடத்தைப் பார்த்துக் குப்பத்தில் சொல்லிவிட்டு வாருங்கள். பச்சை லேசர் விளக்கை எக்காரணம் கொண்டும் எடுத்துப் போகாதீர்கள்.

மாலைக்குக் கடற்கரை வேலைக்கு ஆகாது. பழவேற்காட்டில் மேற்கே திரும்பினால் பொன்னேரியும், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையும் எதிரே எரியும். மாலைக் கூம்பு பார்க்க ஊரைக் கிழக்கில் விட்டுவிட்டு மேற்கே போக வேண்டும். செங்குன்றம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை தாண்டி நாகலாபுரம் மலைப்பக்கம் போகும் சாலை நமக்குக் கிட்டத்தில் இருப்பது. மலை அடிவானத்தில் ஒரு முஷ்டி உயரத்தை (நீட்டிய கையின் முஷ்டி அகலம், ஏறத்தாழ 10 பாகை) மறைத்தாலும் பரவாயில்லை, கூம்பு அதற்கு மேலும் நிற்கும். வடகிழக்கில் ஸ்ரீசிட்டி தொழில் நகரத்தின் வெளிச்சம் உண்டு. அது பின்பக்கம் என்பதால் தொல்லை இல்லை.

முழுசாகப் பார்க்க ஆசைப்பட்டால் ஜவ்வாது மலை. வைணு பாப்பு வானாய்வகம் காவலூரில், கடல் மட்டத்துக்கு 725 மீட்டர் உயரத்தில், அமைக்கப்பட்டதற்கு அந்த இருட்டும் ஒரு காரணம். வடசென்னையிலிருந்து 200 கி.மீ.க்கு மேல் என்பதால் ஓர் இரவு தங்கும் திட்டத்தோடு போங்கள்.

எடுத்துப்போக வேண்டியவை

கோரைப்பாய் ஒன்று, போர்வை ஒன்று, ஃபிளாஸ்கில் தேநீர், நோட்டு, பென்சில். கொசுவர்த்திச் சுருள் வேண்டாம், அதன் புகை கண்ணுக்கும் லென்ஸுக்கும் கேடு. களிம்பு தடவிக்கொள்ளுங்கள், ஆனால் தடவிய கையால் மூக்குக்கண்ணாடியையோ கேமராவையோ தொடாதீர்கள், கறை போகாது.

டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடிப் பேப்பர் நாலு மடிப்பு. ஒரு மடிப்பு போதும் என்று நினைப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. எல்.இ.டி.யின் வெளிச்சம் ஒரு மடிப்பைத் துளைத்துக்கொண்டு இளஞ்சிவப்பாக வெளியே வரும். சரியாக மூடிய டார்ச்சில் நோட்டில் எழுதியதைப் படிக்க மட்டுமே முடிய வேண்டும், நடக்கும் வழி தெரியக் கூடாது. கைபேசியை முடிந்தவரை பைக்குள்ளேயே வையுங்கள். காரில் வந்தால் கதவு திறந்ததும் எரியும் உள்விளக்கை முன்பே அணைத்துவிடுங்கள். முப்பது நிமிடம் பழக்கிய கண்ணை ஒரு நொடியில் பாழாக்குவது பெரும்பாலும் அதுதான்.

குளிர்சாதனம் ஓடிய காரிலிருந்து கடற்கரைக் காற்றுக்கு இறங்கினால் மூக்குக்கண்ணாடி, பைனாகுலர், லென்ஸ் எல்லாம் நொடியில் ஆவி படியும். போய்ச் சேர 20 நிமிடம் இருக்கும்போதே ஏ.சி.யை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள்.

தொலைநோக்கி வேண்டாம். பைனாகுலரும் இதற்கு உதவாது. கூம்பு அவ்வளவு பெரியது; கருவிக்குள் அதன் ஒரு துண்டுதான் அடங்கும், துண்டைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

வீட்டு மாடியில் செய்ய வேண்டிய ஒத்திகை

போவதற்கு முந்தைய வாரம் மாடியில் மூன்று இரவு செலவழியுங்கள். கூம்பு சூரியப் பாதையின் மேல்தான் படிந்திருக்கும், ஆகவே அந்தப் பாதை வானத்தில் எங்கே ஓடுகிறது என்று கண்ணுக்குப் பழகியாக வேண்டும். ஜாதகத்தில் வரும் நட்சத்திரப் பெயர்கள் இங்கே நேரடியாகப் பயன்படும்: கார்த்திகை, ரோகிணி, பூசம், மகம், சித்திரை, கேட்டை ஆகியவை அந்தப் பாதையை ஒட்டியே இருக்கின்றன. கணினியில் ஸ்டெல்லேரியம் மென்பொருளைத் திறந்து கமா விசையை அழுத்தினால் சூரியப் பாதை கோடாக வரும். போகும் நாள், நேரம், இடம் கொடுத்து, கோடு எந்த நட்சத்திரங்களை ஒட்டிப் போகிறது என்று தாளில் வரைந்துகொள்ளுங்கள்.

கை அளவையும் பழகுங்கள். கையை முழுசாக நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. விரல்களை விரித்துச் சாண் வைத்தால் 20 பாகையை ஒட்டி வரும்.

அன்றைய விடியல்: அக்டோபர் முதல் வாரம், பழவேற்காடு

1. திருவொற்றியூரிலிருந்து 1:30-க்குக் கிளம்புங்கள். 3 மணிக்குக் கடற்கரையில் இருக்க வேண்டும். படகு இறக்கும் இடத்தைவிட்டு நூறு இருநூறு மீட்டர் தள்ளிப் பாய் விரியுங்கள். மீனவர்கள் தொழிலுக்குக் கிளம்பும் நேரம் அது. அவர்கள் நெற்றி விளக்கு உங்களுக்குத் தொல்லை என்பதைவிட நீங்கள் அவர்கள் வழியில் இருப்பது அவர்களுக்குத் தொல்லை.

2. விளக்குகளை அணைத்துவிட்டு 30 நிமிடம் சும்மா இருங்கள். கண்மணி விரிவது சில நொடி வேலை. விழித்திரையில் இருட்டில் வேலை செய்யும் நிறமி மீண்டும் ஊறுவதற்குத்தான் இந்த அரை மணி. இடையில் யாராவது கைபேசி பார்த்தால் கணக்கு மறுபடி ஆரம்பத்திலிருந்து.

3. வானத்தைச் சோதியுங்கள். கிழக்கில் பூசத்தின் இடத்தில் புகைத்திட்டு ஒன்று தெரிகிறதா? அது தேன்கூட்டு விண்மீன் கொத்து. கருவி இல்லாமல் அது திட்டாகத் தெரிந்தால் தொடரலாம். தெரியாவிட்டால் மெல்லிய மேகமோ உப்புப் பனியோ இருக்கிறது. தேநீர் குடித்துவிட்டு 20 நிமிடம் கழித்துப் பாருங்கள்.

4. 4:15-க்குக் கிழக்கு நோக்கி நில்லுங்கள். 4:45 வாக்கில் மகம் அடிவானத்துக்கு மேல் இரண்டு முஷ்டி உயரத்திலும், பூசம் நாலரை முஷ்டி உயரத்திலும் இருக்கும். இரண்டையும் இணைக்கும் கோடுதான் கூம்பின் முதுகெலும்பு. அது இடப்பக்கம், அதாவது வடக்கே, லேசாகச் சாய்ந்திருக்கும்.

5. கூம்பை நேராக முறைக்காதீர்கள். வடகிழக்கிலிருந்து தென்கிழக்கு வரை தலையை மெதுவாக, ஐந்தாறு நொடியில் ஒரு வீச்சாக, திருப்புங்கள். மங்கலான வெளிச்சத்தின் விளிம்பு நகரும்போதுதான் கண்ணுக்குப் பிடிபடும். இடப்பக்கம் இருட்டு, நடுவில் வெளுப்பு, வலப்பக்கம் மறுபடி இருட்டு. மூன்று வீச்சிலும் அதே இடத்தில் வெளுத்தால் அதுதான்.

6. கடலை ஒட்டிய முதல் ஒரு முஷ்டியை மறந்துவிடுங்கள். ஈரமும் உப்பும் அங்கே எதையும் விழுங்கிவிடும். ஒன்றரை முஷ்டியிலிருந்து நாலு முஷ்டி வரை உள்ள வானமே உங்கள் களம். அடியில் கூம்பின் அகலம் இரண்டு மூன்று முஷ்டி இருக்கும். புதியவர்கள் தவறவிடுவதற்கு முதல் காரணம் இதுவே. ஏதோ சின்னதாக, விரல் அளவில் ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பார்கள். எதிரே வானத்தில் பெரிய துண்டே வெளுத்திருக்கும்.

7. ஒருவர் பார்த்ததை மற்றவரிடம் சொல்லாமல் ஆளுக்கொரு தாளில் விளிம்பை வரையுங்கள். எந்த நட்சத்திரத்துக்கு இடப்பக்கம், எதற்கு வலப்பக்கம், உச்சி எங்கே. பிறகு ஒப்பிடுங்கள். “அதோ பார்” என்று ஒருவர் கை நீட்டிவிட்டால் இல்லாததும் தெரியும்.

நிறம் எதிர்பார்க்காதீர்கள். இணையத்தில் வரும் படங்கள் பல நொடி வெளிச்சம் சேர்த்தவை. கண்ணுக்கு வருவது வெளிறிய சாம்பல் மட்டுமே.

மாலைக்கும் இதே முறைதான். பிப்ரவரி நடுவில் மேற்கு நோக்கி நின்றால் கூம்பு வலப்பக்கம் சற்றே சாய்ந்து, அசுவினியை நோக்கி ஏறும். அசுவினி அப்போது பாதி உயரத்தில், 45 பாகையில் இருக்கும். நல்ல இருட்டில் நுனி கார்த்திகை வரை இழுபடும். சுக்கிரன் மாலை வெள்ளியாக இருக்கும் வருடங்களில் அது கூம்புக்குள்ளேயே எரிந்து கண்ணைக் கூசவைக்கும். மரக்கிளையோ கம்பமோ அதை மறைக்கும்படி நின்றுகொள்ளுங்கள்.

ஏமாற்றுபவை

ஊர் வெளிச்சம்தான் பெரிய ஏமாற்றுக்காரன். தூரத்து ஊரின் வெளிச்சம் கவிழ்த்த கிண்ணம்போல அகலமாக, குட்டையாக இருக்கும். வடிவத்தில் சந்தேகம் வந்தால் பொறுமையே சோதனை. கூம்பு நட்சத்திரங்களோடு ஒட்டியது. 45 நிமிடத்தில் அவற்றோடு சேர்ந்து ஒரு முஷ்டிக்கும் கூடுதலாக நகரும். ஊர் வெளிச்சம் நட்டுவைத்த இடத்திலேயே நிற்கும். மாலையில் இன்னும் எளிது: 9 மணிக்கும் அதே பிரகாசத்தோடு மேற்கில் ஒன்று இருந்தால் அது ஏதோ ஒரு தொழிற்பேட்டை.

எண்ணூர், காட்டுப்பள்ளிக்கு வெளியே நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பல்கள் தென்கிழக்கில் ஒளித்திட்டுகளைக் கிளப்பும். அடியில் விளக்குப் புள்ளி தெரிகிறதா என்று பார்த்தால் பிடிபட்டுவிடும். உயர்மட்ட மெல்லிய மேகம் ஊர் வெளிச்சத்தை வாங்கித் தூணாக நிற்பதும் உண்டு. அதன் உருவம் பத்து நிமிடத்தில் மாறும். பால்வீதி திட்டுத்திட்டாக, கரிய பிளவுகளோடு இருக்கும். ராசி ஒளி வழவழப்பாக, எந்தப் பிசிறும் இல்லாமல் இருக்கும்.

படம் பிடிக்க

14 முதல் 24 மி.மீ. லென்ஸ், எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. 1600 முதல் 3200, 15 முதல் 20 நொடி, ரா வடிவம், வெள்ளைச் சமநிலை 4000 கெல்வின் வாக்கில். குவியத்தைத் தானியங்கியில் விடாதீர்கள். பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைத் திரையில் பெரிதாக்கிக் கையால் திருப்பிக் கூர்மையாக்கி, டேப் ஒட்டிவிடுங்கள். கேமராவை நெட்டுக்குத்தாக வையுங்கள், படுக்கைவாட்டில் கூம்பு நுனி வெட்டுப்படும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை லென்ஸை டார்ச்சால் பக்கவாட்டில் பாருங்கள்: பனி படிந்திருந்தால் படம் முழுக்கப் பாலாகிவிடும், வீட்டுக்கு வந்துதான் தெரியும். யு.எஸ்.பி.யில் ஓடும் லென்ஸ் சூடேற்றும் பட்டை கிடைக்கிறது, கடற்கரைக்கு அது அவசியச் செலவு. லென்ஸில் உப்புப் படலம் இருந்தால் உடனே துணியால் துடைக்காதீர்கள், மணல் கீறிவிடும். ஊதி, பிரஷ்ஷால் தட்டி, பிறகு துடையுங்கள். கைபேசியென்றால் முக்காலியில் வைத்து இரவு முறையில் அது தரும் மிக நீண்ட நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். கையில் பிடித்து எடுப்பது வீண்.

அடுத்த படி: எதிரொளி

கூம்பை இரண்டு மூன்று முறை உறுதியாகப் பார்த்தவர்கள் மட்டும் இதற்குப் போகலாம். நள்ளிரவில் சூரியனுக்கு நேர் எதிர்ப்புறம் இருக்கும் தூசுத் துகள்கள், பௌர்ணமி நிலவுபோல முழு முகமும் வெளிச்சம் பட்டு நமக்கு ஒளி திருப்பும். ஒரு முஷ்டி அகலத்தில், கொஞ்சம் நீள்வட்டமாக, மிக மங்கலான திட்டு. ஜெர்மன் மொழியில் கேகன்ஷைன். ஜெர்மன் இயற்கை ஆய்வாளர் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் வைத்த பெயர். பழவேற்காட்டில் இதற்கு வாய்ப்பில்லை, ஜவ்வாது மலை போன்ற இருட்டு வேண்டும்.

மாதம் மார்ச். ஜூனிலும் டிசம்பரிலும் சூரியனுக்கு நேர் எதிரான அந்த எதிர்ப்புள்ளி பால்வீதிக்குள் போய் விழும். செப்டம்பர், அக்டோபரில் பால்வீதியைவிட்டு விலகி நிற்கும், ஆனால் மேகம் விடாது. பிப்ரவரி 20-ஐ ஒட்டி அது மகத்தின் மேலேயே இருக்கும், மகத்தின் வெளிச்சம் கெடுக்கும். மார்ச் 10-க்குப் பிறகு உத்திர நட்சத்திரத்துக்குத் தெற்கே, ஒரு முஷ்டியைவிடக் கொஞ்சம் கூடுதலான தூரத்தில், பிரகாசமான விண்மீன் எதுவும் இல்லாத வெற்று வானத்துக்கு வந்துவிடும். ஏப்ரல் நடுவில் சித்திரை நட்சத்திரத்தை நெருங்கி மறுபடி சிக்கல். ஆக மார்ச் 10-லிருந்து 31-க்குள், தேய்பிறை தசமிக்கும் வளர்பிறை பஞ்சமிக்கும் இடையில் வரும் இரவுகளில் ஒன்று.

எதிர்ப்புள்ளி உச்சிக்கு வருவது கடிகாரத்தில் 12 மணிக்கு இல்லை, ஜவ்வாது மலையில் சுமார் 12:20 முதல் 12:25-க்குள். இந்திய நேரம் நம் தீர்க்கரேகைக்குக் கிழக்கே கணக்கிடப்பட்டது என்பதும், மார்ச்சில் சூரியன் கடிகாரத்துக்குப் பின்தங்கியிருப்பதும் சேர்ந்து இந்த வித்தியாசம். அப்போது திட்டு ஏறக்குறைய 80 பாகை உயரத்தில், தலைக்கு நேர் மேலே இருக்கும். நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தால் ஐந்து நிமிடத்தில் கழுத்து வலித்து, வலியில் கண்ணும் ஒத்துழைக்காது. பாயில் தெற்கே கால் நீட்டி மல்லாந்து படுங்கள். திட்டை நேராகப் பார்க்காமல் ஒரு முஷ்டி தள்ளி உத்திரத்தைப் பார்த்தபடி, அரைக்கண் கவனத்தைத் தெற்கே வையுங்கள். 11:45-க்குத் தொடங்கி 12:45 வரை, ஐந்து நிமிடம் பார்ப்பது, இரண்டு நிமிடம் கண்ணை மூடுவது என்று மாற்றி மாற்றி. தெரியவில்லை என்றால் நோட்டில் தேதி, நேரம், இடம், கண்ணுக்குத் தெரிந்த மிக மங்கலான விண்மீன் எது, பக்கத்தில் “இல்லை” என்று எழுதிவையுங்கள். அடுத்த அமாவாசைக்கு எவ்வளவு தூரம் தள்ளிப் போக வேண்டும் என்பதை அந்தப் பக்கம்தான் காட்டும்.